விடைத்தாளில் நம் ஊர் எங்கே?

சூயஸ் கால்வாய் எகிப்து நாட்டிலே இருக்கிறது. திருவில்லிபுத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்போர் உண்டு. உறவு உண்டு என்கிறேன். அந்த உறவை அறியாதவன், எத்தனை ஏடுகளைக் கரைத்துக் குடித்தவனாயினும், இந்த நாட்டின் தூதுவனாக அயலார் அவையிலே எழுந்து நின்று பேசும் தகுதியை முழுமையாகப் பெற்றவன் ஆகான் என்றும் சொல்கிறேன்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் வந்தது? திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் இளைஞர் கூட்டமொன்று இரவு பகல் பாராது படித்துக்கொண்டிருக்கிறது. தறி நெய்பவரின் மகன், நூற்பாலைத் தொழிலாளியின் மகள், பால்கோவாக் கடையிலே கணக்கெழுதுபவரின் தம்பி – இப்படிப்பட்டவர்கள் அவர்கள். குடிமைப் பணித் தேர்வு எழுதி, வெளியுறவுப் பணியிலே சேரவேண்டும் என்ற வேட்கை அவர்களிலே சிலருக்கு. தாங்கள் எழுதிப் பழகிய உலக வரலாற்று விடைகளைக் கட்டாகக் கட்டி என்னிடம் தந்தார்கள். "அண்ணே, மேடையிலே நீங்கள் பிரான்சையும் எகிப்தையும் பேசுகிறீர்களே, எங்கள் விடைகளையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள்.

நானோ கல்லூரிப் படிப்பை நடுவழியிலே நிறுத்திவிட்டு, மேடைக்கும் நாடகத்துக்கும் வந்தவன். மதிப்பெண் போடும் உரிமை எனக்கில்லை. ஆனால், எந்தச் சொல் கேட்பவன் நெஞ்சிலே தைக்கும், எந்தச் சொல் காற்றோடு கரையும் என்பதை ஓரளவு அறிவேன். அந்த அளவிலேதான் படித்தேன். படித்ததும் பேசத் தோன்றிற்று.

தேர்வின் அமைப்பை அறியாதோர்க்குச் சில சொற்கள். வெளியுறவுப் பணிக்கெனத் தனித் தேர்வு இன்று இல்லை. ஆட்சிப் பணி, காவல் பணி ஆகியவற்றோடு சேர்த்து, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஒரே தேர்வை நடத்துகிறது. தரவரிசையும் தேர்வர் விருப்பமும் பார்த்துப் பணி ஒதுக்கப்படுகிறது. முதன்மைத் தேர்வின் பொதுப் பாட முதல் தாளுக்கு 250 மதிப்பெண்; நேரம் 3 மணி; வினாக்கள் 20. 2013ஆம் ஆண்டிலே பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது உலக வரலாறு அந்தத் தாளிலே இடம்பெற்றது. 18ஆம் நூற்றாண்டு தொட்டு நடந்த தொழிற்புரட்சி, உலகப் போர்கள், நாட்டெல்லைகளின் மாற்றம், குடியேற்ற ஆதிக்கம், அதன் வீழ்ச்சி, முதலாளித்துவம், சமதர்மம், பொதுவுடைமை யாவும் அதிலே அடக்கம். சிறு வினாவுக்கு 150 சொல், பெரு வினாவுக்கு 250 சொல். கணக்கிட்டால், ஒரு வினாவுக்குக் கிடைப்பது 9 மணித்துளி!

ஒன்பது மணித்துளியிலே உலகத்தை அளக்கவேண்டும். அளக்கிறார்கள் நம் பிள்ளைகள், திறமையோடுதான் அளக்கிறார்கள். ஆனால், எந்த இடத்திலே நின்று அளக்கிறார்கள்? அதுதான் என் கேள்வி.

சூயஸ் நெருக்கடி பற்றி 2014ஆம் ஆண்டுத் தேர்விலே ஒரு வினா வந்தது. நெருக்கடிக்கு இட்டுச்சென்ற நிகழ்ச்சிகள் யாவை, பிரிட்டன் தன்னை வல்லரசென்று எண்ணிக்கொண்டிருந்த எண்ணத்துக்கு அது எவ்வாறு இறுதி அடி தந்தது என்பது வினாவின் கருத்து. விடைகளைப் பார்த்தேன். அசுவான் அணைக்குத் தருவதாகச் சொன்ன உதவியை 1956 சூலை 19இல் அமெரிக்கா கைவிட்டது. சூலை 26இல் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் 29இல் இசுரேல் பாய்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் தொடர்ந்தன. அமெரிக்காவின் எதிர்ப்பும் பவுண்டு நாணயத்தின் தள்ளாட்டமும் அவர்களைப் பின்வாங்கச் செய்தன. 1957 சனவரியிலே பிரதமர் ஈடன் பதவி விலகினார். எல்லாம் சரி. நாளும் சரி, பெயரும் சரி.

ஆனால் எல்லா விடையிலும் ஈடன் வருகிறார், நாசர் வருகிறார், ஐசன்ஹோவர் வருகிறார். கால்வாயை வெட்டிய எகிப்திய உழவன் வரவில்லை! கால்வாய்ப் பணியின் தொடக்க ஆண்டுகளிலே அந்தப் பாலை மணலிலே கட்டாய உழைப்புக்கு ஆட்படுத்தப்பட்டவன் அவன். அவன் வெட்டிய கால்வாயின் பங்குகளை, கடனிலே மூழ்கிய எகிப்திய மன்னரிடமிருந்து, 1875இல் பிரிட்டன் வாங்கிற்று. அதே 1875ஆம் ஆண்டிலேதான், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கி, நம் திருவில்லிபுத்தூரிலே பென்னிங்டன் நூலகம் எழுந்தது. அங்கே கால்வாயின் பங்குகள் கைமாறிய ஆண்டும், இங்கே அந்தப் பெயர் பதிந்த ஆண்டும் ஒன்று. இரண்டுக்கும் மேலே பறந்த கொடியும் ஒன்று. உழவனின் குமுறலைச் சொல்லாமல், நாசரின் அறிவிப்புக்கு எகிப்து ஏன் ஆர்ப்பரித்தது என்பதை எப்படி விளக்குவது?

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே சொல்கிறேன். அரசரும் அமைச்சரும் மட்டுமே பேசி, மக்கள் ஒருவரும் மேடைக்கு வராத நாடகத்திலே, மூன்றாம் காட்சியிலே புரட்சி வெடித்தால், பார்ப்பவர் நம்பமாட்டார். "இவ்வளவு கோபம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பர். நான் பார்த்த விடைகள் பலவும் அத்தகைய நாடகங்களே.

அடுத்தது தொழிற்புரட்சி. அது ஏன் முதலில் இங்கிலாந்திலே தோன்றிற்று என்று 2015இல் கேட்டார்கள். இந்தியக் கைத்தொழில்களின் நலிவுக்கு அது எவ்வளவு பொறுப்பு என்று 2024இல் கேட்டார்கள். முதல் வினாவுக்கு எல்லா விடையிலும் ஒரே அடுக்கு: நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, மூலதனம் இருந்தது, கடற்படை இருந்தது, வாட் இருந்தார், ஆர்க்ரைட் இருந்தார். மறுக்கவில்லை. இருந்தன, இருந்தார்கள். ஆனால், இந்தியச் சாயத் துணி உள்ளே வராதபடி 1700ஆம் ஆண்டிலும், பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை விதித்து 1721ஆம் ஆண்டிலும் இங்கிலாந்து சட்டம் போட்டதே, அதை ஏன் ஒருவரும் எழுதவில்லை? போட்டியாளனின் கையைக் கட்டிவிட்டுப் பந்தயத்திலே வென்றவனை, "அவன் கால்கள் வலிமையானவை" என்று மட்டும் புகழ்வதா வரலாறு? கால்களும் வலிமையானவைதாம், கட்டிய கயிறும் உண்மைதான். இரண்டையும் எழுதுவதே முழு விடை.

இன்னும் கேளுங்கள். 1861இல் அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் மூண்டது. லிங்கனின் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. லங்காசயர் ஆலைகளுக்குப் பருத்தி வரவில்லை. அன்று இங்கிலாந்தின் கண் எங்கே திரும்பிற்று? கரிசல் மண்ணை நோக்கித் திரும்பிற்று! அன்று திருவில்லிபுத்தூர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. "டின்னவெல்லி" என்ற பெயரிலேயே நம் பகுதிப் பருத்தி லிவர்ப்பூல் சந்தையிலே விலைபோயிற்று. விலை ஏறிற்று, பருத்தி விளைத்தவன் சிறிது காலம் சிரித்தான். நூல் விலையும் கூடவே ஏறிற்று. தறியிலே இருந்தவன் தவித்தான். 1865இல் போர் ஓய்ந்தது, விலை சரிந்தது, சிரித்தவனும் தவித்தான்.

அதே வேளையிலே கடலுக்கு அப்பால் நடந்ததையும் பாருங்கள். ஆலை மூடிக் கிடக்க, அடுப்பு அணைந்து கிடக்க, மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31இல் கூட்டம் கூட்டி, அடிமை விடுதலைக்காக லிங்கனுக்கு ஆதரவு மடல் எழுதினார்கள். லிங்கன் அதற்கு மறுமொழி எழுதினார். ஆண்டவனும் ஆங்கிலேயன், பட்டினியோடு அறம் பேசியவனும் ஆங்கிலேயன். இந்த வேற்றுமையை உணர்ந்தவன் வெறுப்பை விதைக்கமாட்டான். உண்மையை மறைக்கவும் மாட்டான். தூதுவனுக்கு வேண்டிய பண்பு அதுவல்லவா?

அடிமை வாழ்வு, ஆலை வாழ்வு என்று அயல்நாட்டையே எழுதும் தம்பி, தூத்துக்குடிக் கோரல் ஆலையிலே 1908 பிப்ரவரி இறுதியிலே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றதையும் ஒரு வரியிலே சேர்த்தால் என்ன? 2015 வினாவின் பிற்பகுதி, அன்றைய இங்கிலாந்து மக்களின் வாழ்க்கைத் தரத்தை இன்றைய இந்தியாவோடு ஒப்பிடச் சொல்கிறதே! ஒப்பிட எங்கே போகவேண்டும்? 1936இலே ஆலை எழுந்த இராசபாளையம் அருகிலே இருக்கிறது. மருத்துவக் கட்டுத் துணி நெய்து வெளிநாட்டுக்கும் அனுப்பும் சத்திரப்பட்டி அருகிலே இருக்கிறது. அங்கே இரவு முறை முடித்து வீடு திரும்பும் அக்காவைக் கேட்டால் ஒப்பீடு கிடைக்கும். பயிற்சிக் குறிப்பேட்டிலே அது கிடைக்காது.

மூன்றாவது, கடல் கடந்த தமிழர். ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் ஏன் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்றனர் என்று 2018இல் வினா. மலாய் தீபகற்பம் விடுதலை பெற்றபோது எழுந்த சிக்கல்கள் எவை என்று 2017இல் வினா. அடிமை முறை 1833இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே இந்தியர் சென்றனர் என்று எழுதியிருக்கிறார்கள். தொடக்கம் நன்று. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற கப்பலையும் ஒருவர் குறித்திருந்தார், பாராட்டினேன். ஆனால், இலங்கைத் தேயிலைக்கும் மலேயா இரப்பருக்கும் நம்மவரைப் பெரிதும் இழுத்துச் சென்றது கங்காணி முறை என்பதை ஒருவரும் பிரித்துக் காட்டவில்லை. ஒப்பந்தக் கூலியின் கையைக் கட்டியது கைச்சாத்து. கங்காணியின் ஆளைக் கட்டியது முன்பணக் கடன். கங்காணி அயலானல்லன், சொந்த ஊர்க்காரன், சொந்த மொழிக்காரன்! ஆதிக்கம் நம்மவன் கையாலேயே நம்மவனைப் பிணித்த கதை அது. இதை எழுதாமல் எதை எழுதுவது?

மலேயா விடையிலே மலாயர், சீனர், இந்தியர் என மூன்று பிரிவு என்று எண்ணிக்கை இருந்தது. எண்ணிக்கைக்குள்ளே இருந்த மனிதர் இல்லை. 1942லும் 1943லும் சப்பானியர் போட்ட சயாம் இருப்புப்பாதையிலே மாண்ட பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் இல்லை. அகில மலேயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்து, நெருக்கடி நிலைச் சட்டத்தின் கீழ் 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்ட தமிழர் எஸ்.ஏ. கணபதி இல்லை. அவர் உயிரைக் காக்க இந்திய அரசு முயன்றும் பயனில்லாமற் போயிற்றே, அது வெளியுறவுத் துறையின் வரலாறு இல்லையா? 1957 ஆகஸ்டு 31இல் மலேயா விடுதலை பெற்றதை நாளோடு எழுதும் கை, 1949 மே 4ஐ எழுதத் தயங்குவானேன்? எழுதினால் குறிப்பேட்டிலே இல்லாததை எழுதிவிட்டோம் என்ற அச்சம்!

இவ்வளவு வற்புறுத்துவது, விடைத்தாளிலே ஊர்ப்பெருமை பாடவேண்டும் என்பதற்காகவா? இல்லை. விடைத்தாளிலே மனிதரை மறந்து பழகியவன், நாளை ஒப்பந்தத்தாளிலும் மறப்பான் என்பதற்காக!

மறந்ததற்குச் சான்று உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலே இலங்கை மலையகத் தமிழர் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவர்களிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. 1974இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வகுத்தார்கள். வகுத்தல் கணக்கு சரியாகத்தான் வந்தது. மீதி இல்லாமல் வந்தது! "எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று கொழுந்து பறித்தவளைக் கேட்டார்களா? ஒப்பந்த மேசையிலே அவளுக்கு இடம் இருந்ததா? தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கிய குடும்பங்களிலே, தாய் ஒரு கரையிலும் மகள் ஒரு கரையிலுமாய்ப் பிரிந்தவர் எத்தனை பேர்! இலங்கையிலே எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இலேதான் வந்தது. கோப்பை எழுதியவர்கள் அறிவிலே குறைந்தவர்களல்லர். உலக வரலாற்றை அவர்கள் நன்கு படித்தவர்கள்தாம். மேலே நின்று படித்தார்கள். அதனால் கீழே நின்றவர்கள் எண்ணாகத் தெரிந்தார்கள்.

"எல்லாம் சரி அண்ணே, திருத்துகிறவர் மதிப்பெண் போடவேண்டுமே! ஊர்க்கதை எழுதினால் குறைத்துவிட்டால்?" என்றான் ஒரு தம்பி. நியாயமான அச்சம். மறுமொழி சொல்கிறேன்.

250 சொல்லிலே 220 சொல் வினா கேட்டதற்கே செலவாகட்டும். ஆராய்க என்றால் ஆராய். மதிப்பிடுக என்றால் இருபுறமும் நிறுத்துப் பார். விளக்குக என்றால் காரணத்தைச் சொல். நாள் பிழையாதே, பெயர் பிழையாதே, உறுதியில்லாத எண்ணிக்கையை எழுதாதே. உணர்ச்சி மிகுந்து ஒருதலையாய்ப் போகாதே. சூயசிலே பிரிட்டனைக் கண்டித்த இந்தியாவின் குரல், அதே 1956 நவம்பரிலே அங்கேரியிலே சோவியத் படை புகுந்தபோது தயங்கி ஒலித்தது என்பதையும் அறிந்துகொள். ஆப்பிரிக்காவின் எல்லைகளை 1884-85இல் பெர்லினிலே கூடிய ஐரோப்பியர் தம் போட்டிக்கேற்ப வகுக்க வழிசெய்தனர் என்று எழுதும்போதே, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் 1964இலே கெய்ரோவிலே கூடி, அந்த எல்லைகளை மதிப்பதென்று தாமே முடிவெடுத்ததையும் எழுது. கோடு தவறானது என்பதும் உண்மை. கோட்டை அழித்தால் குருதி பெருகும் என்று அவர்கள் அஞ்சியதும் உண்மை. இவ்வளவும் எழுதிய பின், மிஞ்சும் 30 சொல்லிலே உன் மண்ணைக் கொண்டு வா. நூறு விடைத்தாளைத் திருத்திச் சலித்த கண்ணுக்கு, நூற்றொன்றாவது தாளிலே கரிசல் பருத்தி தென்பட்டால் அது ஊர்க்கதையாகத் தோன்றாது. இவன் படித்ததை உணர்ந்திருக்கிறான் என்ற சான்றாகத் தோன்றும்.

இனி, மொழி. நான் பார்த்த கட்டிலே பாதி விடைகள் ஆங்கிலத்தில் இருந்தன, பாதி தமிழில். ஆங்கிலத்திலே தட்டுத் தடுமாறிய அதே கை, தமிழிலே எழுதியபோது தயக்கமின்றி ஓடிற்று. தமிழிலே விடையெழுதும் உரிமை முதன்மைத் தேர்விலே 1979 முதல் இருக்கிறது. 2013 மார்ச்சிலே அந்த உரிமையைச் சுருக்க ஓர் அறிவிப்பு வந்தது. குறைந்தது 25 பேராவது அம்மொழியைத் தேர்ந்தால்தான் அதிலே எழுதலாம் என்பது போன்ற விதிகள் அதிலே இருந்தன. நாடாளுமன்றத்திலே தமிழகத்தின் குரலும் பிற மாநிலங்களின் குரலும் ஓங்கின. அந்த மாதமே அறிவிப்புத் திருத்தப்பட்டது. வென்றோம், ஆனால் பாதிதான் வென்றோம்.

ஏனெனில், விடையைத் தமிழிலே எழுதலாம். வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது! இந்தியைத் தாய்மொழியாய்க் கொண்ட இளைஞன் தன் மொழியிலே வினாவைப் படித்துத் தன் மொழியிலே விடை எழுதுகிறான். திருவில்லிபுத்தூர் இளைஞன் ஆங்கிலத்திலே படித்து, உள்ளத்திலே பெயர்த்து, தமிழிலே எழுதவேண்டும். ஒன்பது மணித்துளியிலே இரண்டு மணித்துளி பெயர்ப்புக்கே போனால், அவனுக்கு மிஞ்சுவது ஏழு. ஒரே பந்தயம், இருவேறு தொலைவு! கலிக்கோத் துணிக்கு அன்று போட்ட கட்டு இன்று வேறு உருவிலே வந்தது போலல்லவா இருக்கிறது? மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் நடத்த 2023இலே உள்துறை இசைந்ததே! துப்பாக்கி ஏந்தி எல்லையைக் காப்பவனுக்குத் தமிழிலே வினா கேட்க முடியுமானால், எல்லைக்கு அப்பால் நாட்டுக்காகப் பேசப்போகிறவனுக்குக் கேட்க முடியாதா?

தில்லிக்கு ஒரு கோரிக்கை: வினாத்தாளை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அச்சிடுங்கள். சலுகை கேட்கவில்லை, சமன் கேட்கிறோம். நம் மாநிலத்துக்கும் ஒரு கோரிக்கை: பாடநூல் நிறுவனம் ஒரு காலத்திலே கல்லூரி வரலாற்று நூல்களைத் தமிழிலே வரிசையாய்த் தந்ததுபோல, ஆப்பிரிக்க விடுதலையும் மலேயா விடுதலையும் 1956ம் 1964ம் அடங்கிய புது உலக வரலாற்று நூல்கள் தமிழிலே வேண்டும், கிளை நூலகம்தோறும் வேண்டும்.

தம்பிமார்க்கும் தங்கையர்க்கும் என் சொல் இது. 2016ஆம் ஆண்டுத் தாளிலே, மேற்கு ஆப்பிரிக்க விடுதலைப் போரை நடத்தியவர்கள் மேலைக்கல்வி கற்ற புதிய மேலோர் என்ற கருத்தை ஆராயச் சொன்னார்கள். அந்த வினாவை உங்களை நோக்கியே திருப்பிப் பாருங்கள். நாளை நீங்களும் கற்ற மேலோர் ஆவீர்கள். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ கெய்ரோவிலோ இந்நாட்டின் கொடி பறக்கும் காரிலே செல்வீர்கள். அன்று உங்கள் முன் வைக்கப்படும் கோப்பிலே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குள்ளே தறியோசை கேட்டால், இரவு முறை முடிந்து வரும் அக்காவின் முகம் தெரிந்தால், உங்கள் கையெழுத்து அறத்தோடு விழும். கேட்கவில்லையென்றால், எத்தனை மதிப்பெண் பெற்று என்ன பயன்?

எழுதுங்கள். உலகத்தை எழுதுங்கள். நின்று எழுதும் இடம் மட்டும் நம் மண்ணாக இருக்கட்டும்!